மாமனாரின் டிடி 214-இல் விடுபட்ட பதக்கங்களைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: என் மாமனார் அமெரிக்கர். 1968 மார்ச் தொடக்கத்திலிருந்து 1969 மார்ச் வரை வியட்நாமில் ராணுவக் காலாட்படையில் இருந்தார். குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அவருடைய விடுவிப்புச் சான்றிதழான டிடி 214-இல் தேசியப் பாதுகாப்புப் பணிப் பதக்கம், வியட்நாம் பணிப் பதக்கம் என்று இரண்டே இரண்டுதான் இருக்கின்றன. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் இல்லை. ப்ரான்ஸ் ஸ்டார் என்ற பதக்கமும் கிடைத்ததாக ஞாபகம் என்கிறார். எண்பதை நெருங்கிவிட்டார். பதிவில் இவற்றைச் சேர்க்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?

பதில்:

சேர்க்க முடியும். இத்தனை வருடம் கழித்துக் கேட்பதால் தவறில்லை, இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் அவர் வயதுக்காரர்கள்தான். ஆனால் ஒவ்வொரு பதக்கமும் எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்துப் போக வேண்டிய வழி மாறும். சில பதக்கங்கள் அந்த இடத்தில், அந்தக் காலத்தில் இருந்தாலே வந்துவிடும். சிலவற்றுக்கு எழுத்தில் உத்தரவு போட்டிருக்க வேண்டும். பர்ப்பிள் ஹார்ட் இந்த இரண்டிலும் சேராது. இதைப் பிரித்துப் பார்க்காமல், "அவருக்கு வர வேண்டிய எல்லாப் பதக்கங்களையும் கொடுங்கள்" என்று ஒரே கடிதம் எழுதிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சில குடும்பங்களுக்கு இந்தக் காகித வேலையில் உதவியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஏன் விடுபட்டது என்பதை முதலில் அவருக்கே சொல்லிவிடுங்கள். தன்னை யாரோ வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்ற வருத்தம் பலருக்கும் உள்ளே இருக்கிறது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களில் ஏராளமானோர் அமெரிக்க மேற்குக் கரையில் ஓக்லண்ட், ஃபோர்ட் லூயிஸ் போன்ற ராணுவ மையங்களில் வந்து இறங்கினார்கள். பணிக்காலம் கொஞ்சமே மீதமிருந்தவர்களை அங்கேயே விடுவித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டிடி 214-ஐத் தட்டச்சு செய்த எழுத்தருக்குக் கையில் இருந்த கோப்புதான் ஆதாரம். படைப்பிரிவு வியட்நாமில், ஆள் கலிஃபோர்னியாவில். பதக்க உத்தரவு பின்னாலேயே தபாலில் வந்திருந்தாலும் அதற்குள் சான்றிதழில் கையெழுத்தாகியிருக்கும். இளைஞர்கள் அந்தத் தாளைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள், வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது.

சரி, முதல் வகையைப் பார்ப்போம். இருந்தாலே கிடைக்கிற பதக்கங்கள். இங்கே உங்கள் மாமனாருக்கு அவருக்கே தெரியாமல் பல விடுபட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். வியட்நாம் பணிப் பதக்கம் இருக்கிறது, ஆனால் அதன் நாடாவில் குத்துகிற சிறு நட்சத்திரங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். ராணுவம் அந்தப் போரைப் 17 கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. பங்கெடுத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெண்கல நட்சத்திரம், ஐந்து சேர்ந்தால் அவற்றுக்குப் பதில் ஒரு வெள்ளி நட்சத்திரம். 1968 மார்ச் தொடக்கத்தில் போய் 1969 மார்ச்சில் திரும்பியவருக்குக் கணக்கு இப்படி வரும்: டெட் (வியட்நாமியப் புத்தாண்டு) எதிர்த்தாக்குதல் கட்டம் 1968 ஏப்ரல் 1 வரை, நான்காம் கட்டம் ஜூன் 30 வரை, ஐந்தாம் கட்டம் நவம்பர் 1 வரை, ஆறாம் கட்டம் 1969 பிப்ரவரி 22 வரை, பிப்ரவரி 23-இல் தொடங்கிய டெட் 69. மொத்தம் ஐந்து. அப்படியென்றால் அவருக்கு ஒரு வெள்ளி நட்சத்திரம் சேர வேண்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவர்களுக்குத் தென் வியட்நாம் அரசு கொடுத்த படையெடுப்புப் பதக்கம் ஒன்று உண்டு, 1960 என்று பொறித்த பட்டையோடு. அதுவும் அவருக்கு உரியது. அதே அரசு கொடுத்த வீரச் சிலுவை, பனை ஓலைச் சின்னத்தோடு, படைப்பிரிவுகளுக்கான பாராட்டாக 1974-இல் வந்த ராணுவப் பொது உத்தரவு எண் 8 வழியாக வியட்நாமில் இருந்த ராணுவப் பிரிவுகள் அனைத்துக்கும் பொதுவாகக் கிடைத்தது. தேதியைக் கவனித்தீர்களா? அவர் வீடு திரும்பி ஐந்து வருடம் கழித்து வந்த உத்தரவு. 1969-இல் அடித்த சான்றிதழில் அது எப்படி இருக்கும்? இதைக் கேட்டு வாங்காதவர்கள் இன்னும் எத்தனையோ பேர். அவருடைய பட்டாலியன் தனியாக வேறு பாராட்டுகள் பெற்றிருக்கிறதா என்பதை டிஏ பேம்ஃப்லெட் 672-3 என்ற ராணுவப் பதிவேட்டில் பிரிவின் பெயரை வைத்துத் தேடிப் பார்க்கலாம்.

நன்னடத்தைப் பதக்கமும் அடிக்கடி விடுபடுகிற ஒன்று. மூன்று வருடப் பணி வேண்டும் என்று நினைத்து, இரண்டு வருடத்துக்குக் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர்கள் கேட்பதே இல்லை. விடுவிக்கப்படும்போது ஒரு வருடத்துக்கு மேல் பணி முடித்திருந்து, நடத்தை மதிப்பீடு முழுக்க 'சிறப்பு' என்று இருந்து, தண்டனை எதுவும் இல்லையென்றால் முதல் பதக்கத்துக்குத் தகுதி உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பழைய தாள்களில் 'விஎஸ்எம்' என்று போட்டுப் பக்கத்தில் '4 பிஎஸ்எஸ்' என்று எழுதியிருப்பார்கள். வியட்நாம் பணிப் பதக்கம், நான்கு வெண்கலப் பணி நட்சத்திரங்களோடு என்று பொருள். நாடாவில் குத்துகிற, மிளகு அளவு உலோக நட்சத்திரம் அது. ப்ரான்ஸ் ஸ்டார் மெடல் என்பது முற்றிலும் வேறு, தனி மனிதரின் வீரத்துக்கோ சிறந்த பணிக்கோ கொடுப்பது. அதேபோல் ஐந்து கட்டங்களுக்கான வெள்ளிப் பணி நட்சத்திரம் வேறு, சில்வர் ஸ்டார் என்ற உயரிய வீரப் பதக்கம் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் ஐம்பது வருடத்தில் ஞாபகம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. உங்கள் மாமனார் சொல்வது எது என்று எனக்குத் தெரியாது, உண்மையான ப்ரான்ஸ் ஸ்டாராகவே இருக்கலாம். ஆனால் கோப்பைப் பார்ப்பதற்கு முன் பேரப்பிள்ளைகளிடமோ ஊர்ப் பத்திரிகையிடமோ அறிவிக்க வேண்டாம். ஒரு வயதானவரை அந்தச் சங்கடத்தில் நிறுத்தக் கூடாது.

அந்த ப்ரான்ஸ் ஸ்டார்தான் இரண்டாம் வகை. ஒருவர் பரிந்துரைத்து, தளபதி ஒப்புக்கொண்டு, எண்ணும் தேதியும் போட்ட பொது உத்தரவாக வெளியாகியிருக்க வேண்டும். அந்த உத்தரவு இருந்தால் வேலை சுலபம்: பதக்கம் கொடுத்தாகிவிட்டது, பதிவில் மட்டும் ஏறவில்லை. வீட்டில் பழைய பெட்டி, பைபிளின் நடுப்பக்கம், அவருடைய அம்மா வைத்திருந்த கடிதக் கட்டு எல்லாவற்றையும் தேடுங்கள். உத்தரவின் மங்கிய கார்பன் பிரதி ஒன்று போதும். கிடைக்காவிட்டாலும் வியட்நாம் காலத்துப் பொது உத்தரவுகளுக்கு ஆட்கார்ஸ் என்று ராணுவ மனிதவளக் கட்டளையகத்தில் ஒரு அட்டவணைத் தொகுப்பு இருக்கிறது. ராணுவப் பதிவுகளில் உள்ள பிழைகளைத் திருத்தும் வாரியத்தின் ஊழியர்கள் பெயரை வைத்து அதில் தேடிப் பார்ப்பது வழக்கம்.

காலாட்படைப் போர்வீரர் பேட்ஜைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். நீல நிறப் பட்டையில் துப்பாக்கி, சுற்றிலும் இலை மாலை. காலாட்படைத் தொழில் எண் (ராணுவத்தில் ஒருவரின் வேலையைக் குறிக்கும் எண்) இருந்து, காலாட்படைப் பிரிவில் பணிபுரிந்து, அந்தப் பிரிவு நேரடித் தரைச் சண்டையில் ஈடுபட்டபோது அவரும் உடனிருந்திருந்தால் அது உரியது. சான்றிதழில் அது இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது பர்ப்பிள் ஹார்ட். உங்கள் கேள்வியின் மையம் இதுதான், கடினமானதும் இதுதான். இதை யாரும் சிபாரிசு செய்து தருவதில்லை. நிபந்தனைகள் பொருந்தினால் அது உரிமை. நிபந்தனைகள் மூன்று: காயம் எதிரியின் செயலால் ஏற்பட்டிருக்க வேண்டும், மருத்துவப் பணியாளரின் சிகிச்சை தேவைப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை அரசுப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது மூன்றாவதில். உடம்பில் தழும்பு இருக்கிறது, உள்ளே இன்னும் இரும்புத் துகள் இருக்கிறது, ஆனால் "எதிரியின் எறிகணையால்" என்ற ஒரு வரி எந்தத் தாளிலும் இல்லை. ஜீப் கவிழ்ந்தும் காயம் படலாம், சொந்தப் படையின் வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டும் படலாம். அதனால்தான் அந்த வரியைத் தேடுகிறார்கள்.

அந்த வரி ஒளிந்திருக்கக்கூடிய இடங்களைச் சொல்கிறேன். முதலில் அவருடைய டிஏ படிவம் 20. படைவீரரின் தகுதிப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 38-வது கட்டம் எந்தெந்தப் பிரிவில் எப்போது இருந்தார், நடத்தை மதிப்பீடு என்ன என்று சொல்லும். 40-வது கட்டம் காயங்கள். 41-வது கட்டம் பதக்கங்கள். 40-வது கட்டத்தில் தேதியோடு ஒரு காயம் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. 41-இல் இருந்து டிடி 214-இல் மட்டும் விடுபட்டவை இருந்தால் அவை எளிதில் கிடைக்கும்.

இரண்டாவது இடம் ஆஸ்பத்திரிப் பதிவு, இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். உள்நோயாளியாக இருந்தவரின் சிகிச்சைத் தாள்களைப் பல சமயம் அவருடைய சொந்தக் கோப்பில் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பெயர், வருடம் என்ற வரிசையில் தனியாக அடுக்கி வைத்தார்கள். ஆகவே "மருத்துவப் பதிவுகளை அனுப்புங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் "எங்களிடம் எதுவும் இல்லை" என்றுதான் பதில் வரும். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாதம், எந்த வருடம், உள்நோயாளியா என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு முதல் கடிதத்தில் கைவிரித்த அதே இடம், ஆஸ்பத்திரியின் எண்ணையும் வருடத்தையும் எழுதிக் கேட்ட இரண்டாவது கடிதத்துக்கு ஏழு பக்கம் அனுப்பியது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் பெரியவருக்கு ஞாபகமே இல்லை. அவர் நர்ஸோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தின் பின்னால் இருந்தது.

மூன்றாவது, படைப்பிரிவின் அன்றாடப் பதிவுகள். வியட்நாமில் இருந்த ராணுவப் பிரிவுகளின் நாட்குறிப்புகளும் செயல்பாட்டு அறிக்கைகளும் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தேதி தோராயமாகத் தெரிந்தால், அன்று எத்தனை மணிக்கு எறிகணை விழுந்தது, எத்தனை பேர் காயம், ஹெலிகாப்டர் எப்போது வந்தது என்பதுவரை கிடைப்பதுண்டு. பெயர் இருக்காமல் போகலாம். ஆனால் ஆஸ்பத்திரித் தாளில் உள்ள தேதியும் இந்த நாட்குறிப்பின் தேதியும் ஒன்றானால் அந்த மூன்றாவது நிபந்தனை உயிர்பெறுகிறது. ராணுவத்திடம் வியட்நாம் போரில் இறந்தவர்கள், காயமடைந்தவர்களின் பட்டியல் ஒன்றும் உண்டு, வாரியம் அதையும் பார்க்கும். அப்புறம், அவர் எப்போதாவது முன்னாள் படைவீரர் நலத்துறையான வி.ஏ.-விடம் ஊனத்தொகைக்கு விண்ணப்பித்திருந்தால் அவருடைய பழைய மருத்துவத் தாள்கள் அங்கே போயிருக்கலாம். வி.ஏ.-விடம் அவருடைய உரிமைக்கோரல் கோப்பின் முழுப் பிரதியையும் கேளுங்கள். ஆனால் வி.ஏ. காயத்துக்குத் தொகை கொடுத்திருக்கிறது என்பதாலேயே பர்ப்பிள் ஹார்ட் கிடைத்துவிடாது, ராணுவப் பதிவைத் திருத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை.

உடனிருந்த நண்பர்களின் சாட்சிக் கடிதம் உதவும். ஆனால் அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் போதாது, அந்தக் காலத்துத் தாளுக்குத்தான் வாரியம் அதிக மதிப்புக் கொடுக்கிறது. நண்பர் எழுதினால் "நல்ல வீரர், தகுதியானவர்" என்றெல்லாம் எழுத வேண்டாம். நான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், யார் கட்டுப்போட்டார், எந்தப் பக்கம் தூக்கிப்போனார்கள் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதட்டும்.

ஆக, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது எந்தப் பதக்கத்தையும் கேட்பது அல்ல, முழுக் கோப்பையும் வரவழைப்பது. மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் எழுதலாம், அல்லது தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். டிடி 214 மட்டும் வேண்டும் என்று குறிக்காதீர்கள், முழுக் கோப்பு என்று எழுதுங்கள். படைவீரருக்கு இது இலவசம். அவர் உயிரோடு இருக்கும்வரை அவருடைய கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. மருமகனான நீங்களோ மகளோ தனியாகக் கேட்க முடியாது.

1973 ஜூலை 12-இல் அந்த மையத்தில் பெரும் தீ பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன, பிரதிகள் எதுவும் எடுத்து வைத்திருக்கவில்லை. ஆனால் ராணுவத்தில் எரிந்தவை 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகள், அவற்றில் 80 சதவீதம். உங்கள் மாமனார் 1969-இல் திரும்பியவர், அவருடையது அந்தத் தீயில் சிக்கியிருக்காது. யாராவது "எல்லாம் எரிந்துபோச்சு" என்று அவரிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

அவருடைய அப்பாவோ மாமாவோ இரண்டாம் உலகப் போரில் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது கடைசிச் சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் காலை அறிக்கை, ஊர்க் கவுன்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிந்து வைத்த விடுவிப்புத் தாள் என்று துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று: அந்தப் போரில், 1941 டிசம்பர் 7-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் காலாட்படைப் போர்வீரர் பேட்ஜ் பெற்றவர்களுக்கு ப்ரான்ஸ் ஸ்டார் மெடலும் உரியது. கேட்டால்தான் கொடுப்பார்கள். இந்த விதியை எங்கோ படித்துவிட்டு வியட்நாமுக்கும் பொருத்திக் கேட்கிறார்கள், அது செல்லாது. கொரியாவில் 1954 ஜூலை 28-க்குப் பிறகு பணிபுரிந்த உறவினர் யாராவது இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள்: கொரியப் பாதுகாப்புப் பணிப் பதக்கத்துக்கான சட்டமே 2002-இல்தான் வந்தது, பழையவர்களுக்கும் சேர்த்து. அதற்கு முன் விடுவிக்கப்பட்ட யாருடைய சான்றிதழிலும் அது இருக்க வழியில்லை.

கோப்பு வந்ததும் டிடி படிவம் 149. ராணுவப் பதிவுத் திருத்த வாரியத்துக்கான விண்ணப்பம் இது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் என்று ஒரு கெடு உண்டு. நீதி கருதி அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது, பழைய பதக்க வழக்குகளில் தளர்த்துவதும் உண்டு. ஏன் இவ்வளவு நாள் ஆனது என்ற கட்டத்தைக் காலியாக விடாமல் உண்மையை எழுதுங்கள்: இப்போதுதான் கோப்பு கிடைத்தது, அல்லது இத்தனை காலம் அதைப் பற்றிப் பேசவே முடியவில்லை. இரண்டாவது காரணத்தை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட அதில் எதுவும் இல்லை.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு பதக்கத்தையும் தனித்தனி வரியில் பெயர் சொல்லிக் கேட்டு, அதற்கு எதிரே எந்தத் தாள் ஆதாரம், எந்தப் பக்கம் என்று குறியுங்கள். அசல்களை அனுப்பாதீர்கள். இருந்தாலே கிடைக்கிற பதக்கங்களை வாரியத்தின் ஊழியர்களே கோப்பைப் பார்த்து, வாக்கெடுப்பு இல்லாமல் நிர்வாகத் திருத்தமாகச் சேர்த்துவிடுவதுண்டு. நீங்கள் கேட்காததைக்கூட அவர்கள் கண்டுபிடித்துச் சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன். பொறுமை வேண்டும், வாரியத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசமே பெரும்பாலான வழக்குகளுக்குப் பத்து மாதம், அதிகபட்சம் பதினெட்டு. மறுத்தால் புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம். அதனால்தான் பர்ப்பிள் ஹார்ட்டை அவசரப்பட்டு அனுப்பாமல் ஆஸ்பத்திரித் தாள் வரும்வரை காத்திருங்கள் என்கிறேன். அவருடைய உடல்நிலை காத்திருக்க விடாது என்றால் மட்டும் இருப்பதை வைத்து உடனே அனுப்பிவிடுங்கள்.

ப்ரான்ஸ் ஸ்டாருக்கு உத்தரவே இல்லை, யாரோ எழுதுவதாகச் சொன்னார், எழுதவில்லை என்று தெரிய வந்தால் அது பதிவுத் திருத்தம் ஆகாது, புதிதாகப் பரிந்துரைப்பது. காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் பத்தாவது தலைப்பில் 1130-வது பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக அனுப்பினால் காலக்கெடுவைத் தள்ளிவைத்துத் தகுதியை மட்டும் பார்க்கச் சொல்கிறது. நேரில் அறிந்தவர் பரிந்துரைப் படிவமான டிஏ 638-ஐ நிரப்பி, நிகழ்ச்சி விவரத்தையும் கண்ணால் கண்டவர்களின் வாக்குமூலங்களையும் இணைக்க வேண்டும். அன்றைய பிளட்டூன் (சிறு படைக்குழு) தலைவர் உயிரோடு இருந்தால் இன்றே தேடுங்கள். இந்த வழியில் ஆட்கள் இல்லாமல் போவதுதான் பெரிய தடை.

கடற்படைக்கும் மரைன்களுக்கும் ஒரு வாரியம், விமானப்படைக்கு ஒன்று, கடலோரக் காவல்படைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன, படிவம் அதே 149-தான். அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ., டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களிலும், கவுன்டியின் படைவீரர் சேவை அலுவலரிடமும் இலவசமாக உதவி கிடைக்கும். பணம் கொடுத்தால் பதக்கம் வாங்கித் தருகிறேன் என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வாரியம் ஒப்புக்கொண்டால் புதிய டிடி 214 வராது. டிடி 215 என்ற ஒற்றைத் திருத்தத் தாள் வரும், எந்தக் கட்டத்தில் எதை நீக்கி எதைச் சேர்ப்பது என்று அதில் இருக்கும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள், தனித்தனியாகப் போனால் பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகள் மறுபடி இதே கேள்வியோடு நிற்பார்கள். பதக்கங்கள் தானாக வந்து சேரவில்லையென்றால் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள், முதல் தொகுதி படைவீரருக்கு இலவசம். பர்ப்பிள் ஹார்ட் ஏறிவிட்டால் ஒரு பிரதியை வி.ஏ. மருத்துவ அலுவலகத்துக்கு உடனே கொடுங்கள். அது அவரை மூன்றாம் முன்னுரிமைக் குழுவில் சேர்க்கும், இப்போது அவர் அதற்குக் கீழே இருந்தால் சிகிச்சையிலும் கட்டணத்திலும் வித்தியாசம் தெரியும்.

இந்த வாரம் அவரோடு உட்காரும்போது படிவத்தோடு போகாதீர்கள். பழைய புகைப்படங்களையும் ஒரு வியட்நாம் வரைபடத்தையும் எடுத்துப் போங்கள். "காயம் எப்படிப் பட்டது?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். "உங்கள் முகாம் இதில் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் ஆற்றின் பெயர், மழைக்காலமா வெயில் காலமா, கூடத் தூக்கிக்கொண்டு ஓடிய நண்பரின் பட்டப்பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியையும் வருடத்தையும் கண்டுபிடிக்க அதில் ஏதாவது ஒன்று உதவும்.